கஜன் தமிழில் பதில் சொன்ன நாள்

உங்களில் சிலர் என் பெயரை ஏற்கெனவே இணையத்தில் தேடியிருப்பீர்கள். மற்றவர்கள் இன்றைக்கு வீட்டுக்குப் போய்த் தேடுவீர்கள். பதினெட்டு வருடம் கெபெக்கில், லாசாலில் ஒரு பாடசாலை அணிக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறேன். இரண்டு கிண்ணமும் வென்றிருக்கிறேன். ஆனால் அந்தத் தேடலில் முதலில் வருவது கிண்ணம் அல்ல, "சர்ச்சைக்குரிய" என்ற சொல். பிரெஞ்சில் படித்தால் அது இன்னும் கொஞ்சம் அழகாக இருக்கும்.

இந்த நகரத்தில் இப்போது நாலைந்து தமிழ்ப் பிள்ளைகள் ஃபுட்பால் பயிற்சியாளராக வந்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். நல்லது. நான் வந்தபோது ஒருவரும் இல்லை. என் சொந்தச் சனமே, "காலால உதைக்காத விளையாட்டுக்கு என்னத்துக்கு அண்ணை அந்தப் பேர்?" என்றுதான் கேட்டார்கள். முட்டை வடிவப் பந்தை அணைத்துக்கொண்டு ஒருவன் ஓட, ஹெல்மெட் போட்ட பத்துப் பேர் அவனை விழுத்த வருவார்கள் என்று விளக்குவேன். "அப்ப அது விளையாட்டில்லை, கலவரம்" என்பார்கள். திருகோணமலையில் நான் பந்தைத் தொட்டவனே இல்லை. இங்கே பாடசாலையில் சட்டை தோய்த்து ஹெல்மெட் திருத்தும் வேலைக்குத்தான் சேர்ந்தேன். திருத்தித் திருத்தி, எந்த அடி எங்கே விழுகிறது என்று மற்றவர்களைவிட எனக்குத் தெரிந்துபோயிற்று. பயிற்சியாளனாக வந்தது அப்படித்தான்.

முதலில் சின்னச் சர்ச்சைகளைச் சொல்லி முடித்துவிடுகிறேன். நடுவரைத் தமிழில் கெட்ட வார்த்தையால் திட்டினேன் என்று என் அணியைப் பதினைந்து யார் தூரம் பின்னால் தள்ளினார்கள். நான் சொன்னது "ஐயோ". அந்தச் சொல்லுக்குத் தண்டனை வாங்கியவன் உலகத்தில் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். நாற்பது புள்ளி முன்னிலையில் இருந்தும் விடாமல் அடித்தேன் என்று இன்னொரு முறை முறைப்பாடு வந்தது. அது உண்மை, அன்றைக்கு எனக்குக் கோபம். இரண்டையும் மறந்துவிடுங்கள். மூன்றாவதற்காகத்தான் எழுதுகிறேன். உங்களில் பாதிப்பேருக்கு இதை அம்மாதான் வாசித்துக் காட்டவேண்டியிருக்கும். காட்டட்டும், அவர்களுக்கும் இது தேவை.

கஜன் என்று ஒரு பெடியன் இருந்தான். பதினாறு வயது. பந்தோடு ஓடுவதுதான் அவன் வேலை. அப்படி ஓடுகிற ஒருவனை நான் அதற்கு முன்னும் பின்னும் பயிற்றுவிக்கவில்லை. அம்மா யாழ்ப்பாணம். வில்லரேயில் ஒரு கார்தெரியில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிற வேலை. அப்பா இல்லை. பெடியனுக்கு ஒரு குறை, அதாவது நான் குறை என்று நினைத்தது: தமிழ் கதைக்கமாட்டான். எல்லாம் விளங்கும். நான் தமிழில் கேட்பேன், அவன் பிரெஞ்சில் பதில் சொல்வான். "சாப்பிட்டியோடா?" "உய், கோச்." "கால் நோகுதோ?" "நோ, கோச்." ஒன்றரை வருடம் இப்படியே போயிற்று.

எனக்கு அது ஒரு வீம்பாகப் போய்விட்டது. ஒரு நாள் தாயிடம், "பாருங்கோ தங்கச்சி, இந்த சீசன் முடியிறதுக்குள்ள உங்கட மகனை நான் தமிழ் கதைக்க வைக்கிறன்" என்று சொல்லியும்விட்டேன். அவர் சிரித்துவிட்டு, "நான் பதினாறு வருசமா முயற்சி செய்யிறன், கோச் அண்ணை. உங்களுக்குப் பலிச்சாச் சொல்லுங்கோ" என்றார்.

பலித்தது. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

அரையிறுதி ஆட்டம், ஒக்டோபர் மாத வெள்ளிக்கிழமை பின்னேரம். தாய் கார்தெரியில் வேலை முடித்து மெட்ரோவும் பஸ்ஸும் மாறி வந்து சேரும்போது இடைவேளை ஆகிவிட்டது. மகன் விளையாடுவதைப் பார்க்க அவர் வந்தது அதுதான் முதல் தடவை. இரண்டாவது வரிசையில், எங்கள் அணி இருக்கிற வாங்குக்கு நேர் பின்னால் இருந்தார். கஜன் ஹெல்மெட்டைக் கழற்றி அவருக்குக் கை காட்டினான். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். என்னால் மறக்க முடியாமல் போனது அதுதான்.

கடைசி நாலு நிமிடம். மூன்று புள்ளியால் பின்னுக்கு நிற்கிறோம். கஜன் பந்தோடு நடுவால் புகுந்தான். இரண்டு பேர் இரண்டு பக்கத்தால் வந்து மோதினார்கள். தப்பான அடி இல்லை, சுத்தமான அடி. விழுந்தான், எழும்பினான், தானே நடந்து என்னிடம் வந்தான்.

எங்கள் அணியின் சிகிச்சையாளர் மரி-ஈவ் என்ற பிள்ளை. படித்து முடித்த முதல் வருடம். அந்த நேரம் அவர் வாங்கில் இன்னொருவனின் கணுக்காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். நான் கஜனின் ஹெல்மெட் கம்பியைப் பிடித்து முகத்தைப் பார்த்து, வழமைபோலத் தமிழில் கேட்டேன்.

"எப்பிடியடா இருக்கு?"

"ஓம் மாமா. எனக்கு ஒண்டுமில்லை. அம்மா இன்னும் வரேல்லையோ?"

அடேயப்பா! எனக்கு ஏற்பட்ட சந்தோசத்தை எப்படிச் சொல்ல? மூன்று வசனம்! சுத்தமான யாழ்ப்பாணத் தமிழ், "மாமா" என்ற முறையோடு. ஒன்றரை வருடம் "கோச்" என்றவன். அரையிறுதி, நாலு நிமிடம், மூன்று புள்ளி, ஒன்றும் என் மண்டையில் இல்லை. ஒரு கணம் நான் உலகத்திலேயே நல்ல பயிற்சியாளன்.

"வந்திட்டா, வந்திட்டா. அங்க பார்" என்று பின்னால் காட்டினேன். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. மரி-ஈவ் குனிந்தபடியே பிரெஞ்சில் கத்தினார்: "இருபத்திரண்டாம் இலக்கக்காரன் எப்படி? ஒழுங்காகப் பதில் சொல்கிறானா?"

"மிக நன்றாகச் சொல்கிறான்" என்றேன் நான். அந்தப் பதிலில் நான் போட்ட அழுத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. அவனுடைய தோளில் தட்டி, "போ, வடிவா ஓடு" என்று அனுப்பினேன்.

போனான். பந்து வெளிக்கிட்டதும் எல்லோரும் இடப்பக்கம் ஓட, கஜன் மட்டும் பந்தில்லாமல் வலப்பக்கம் நடந்தான். ஓடவில்லை, நடந்தான். எதிரணிப் பெடியன் ஒருவனுக்கு அது விளங்கவில்லை. ஏதோ தந்திரம் என்று நினைத்து வந்து மோதினான். கஜன் விழும்போது கையை ஊன்றவில்லை. விழுகிற எவனும் கையை ஊன்றுவான், தூக்கத்தில் விழுகிறவன்கூட ஊன்றுவான். வேலைக்குப் புதியவர்களே, இந்த ஒன்றை மட்டும் பாருங்கள்: கை வருகிறதா இல்லையா. அன்றைக்கு வரவில்லை.

ஆஸ்பத்திரியில் தாயும் நானும் ஒரு நடைபாதையில் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருந்தோம். உள்ளே அவனுக்கு ஸ்கேன் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் அழவில்லை. ஏதாவது ஆறுதல் சொல்லவேண்டும் போல இருந்தது. எனக்குக் கிடைத்த ஆறுதல் இதுதான்:

"தங்கச்சி, கடைசியா என்னோட தமிழிலதான் கதைச்சவன். வடிவாக் கதைச்சவன்."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார்.

"தமிழிலயோ?"

"ஓம். நான் சொன்னனான் எல்லோ."

"அண்ணை," என்றார், குரலைக்கூட உயர்த்தவில்லை. "அவன் காய்ச்சல் வந்தாத்தான் தமிழ் கதைக்கிறவன். சின்னனில இருந்தே அப்பிடித்தான். தமிழ் கதைச்சா நான் உடன தலையில கை வைச்சுப் பாப்பன்."

அவன் தோளில் தட்டி அனுப்பிய கையை நான் காற்சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

கஜன் இரண்டாம் நாள் கண் முழித்தான். பிரெஞ்சில் தண்ணீர் கேட்டான் என்று தாய் குறுஞ்செய்தி அனுப்பினார், வேறொன்றும் எழுதவில்லை. ஆட்டம் முழுவதும் அவனுடைய ஞாபகத்தில் இல்லை. வெளிச்சம் ஒத்துக்கொள்ளாமல் யன்னலை மூடிக்கொண்டு மாதக்கணக்கில் கிடந்தான். ஒரு பக்கம் வாசிக்க அரை மணித்தியாலம் பிடித்தது. ஃபுட்பால் அத்தோடு சரி.

பிறகு சர்ச்சை வந்தது. யாரோ ஒரு தகப்பன் கைபேசியில் எடுத்த வீடியோ எல்லா இடமும் சுற்றியது. அதில் கஜன் என்னிடம் வருகிறான், வாய் அசைகிறது, நான் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறேன், தோளில் தட்டி அனுப்புகிறேன், அவன் விழுகிறான். நாங்கள் கதைப்பது கேட்காது. வானொலியில் ஒருவர், "தலையில் அடிபட்ட பிள்ளையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே திருப்பி அனுப்பிய மனிதர்" என்றார். அதில் ஒரு சொல்லும் பிழையில்லை.

எங்கள் சனமும் சும்மா இருக்கவில்லை. இது இனவாதம் என்று ஒரு மனு தயாராயிற்று. நான் வெள்ளைக்காரனாக இருந்திருந்தால் இப்படிக் கேள்வி கேட்பார்களா என்று அதில் எழுதியிருந்தது. இந்த விளையாட்டில் இனவாதம் இல்லை என்று நான் சொல்லவரவில்லை. நான் பட்டதைச் சொல்லப்போனால் வேறு கட்டுரை எழுதவேண்டும். ஆனால் இது அது அல்ல. அந்த மனுவில் கையெழுத்துப் போட்டால், உண்மையாகத் தேவைப்படுகிற நாளில் உங்களை ஒருவரும் நம்பமாட்டார்கள். இன்னொருவர், தமிழ் மன்றத்துக்காரர், விசயத்தைப் பாதி கேட்டுவிட்டு எனக்குத் தொலைபேசி எடுத்தார். "அடிபட்ட நேரத்திலயும் பெடியன் தமிழிலதான் கதைச்சவனாமே! அதுதான் அண்ணை இனப்பற்று. உங்களுக்கு ஒரு பொன்னாடை போர்க்க வேணும்" என்றார். நான் போனை வைத்துவிட்டேன். மரியாதைக்குறைவுதான். திரும்ப எடுத்தார், திரும்பவும் வைத்தேன்.

ஐந்து வாரம் கழித்துப் பாடசாலை விளையாட்டுச் சங்கத்தின் விசாரணை. அதற்கு முன் ஒரு கடிதம் வந்தது. அது என்னைப் பற்றியது அல்ல, மரி-ஈவைப் பற்றியது. அடிபட்டவனைச் சோதிப்பது சிகிச்சையாளரின் கடமை, சோதிக்கத் தவறினார், ஆகவே அவருடைய அனுமதிப்பத்திரத்தை மீளாய்வு செய்யவேண்டும் என்று எழுதியிருந்தது. மரி-ஈவ் தன்னுடைய அறிக்கையில் ஒளிக்காமல் எழுதியிருந்தார்: பயிற்சியாளரிடம் கேட்டேன், நன்றாகப் பதில் சொல்கிறான் என்றார், நான் எழும்பிப் போய்ப் பார்த்திருக்கவேண்டும். இருபத்திநாலு வயதுப் பிள்ளை. முதல் வேலை.

என் உதவிப் பயிற்சியாளர் சில்வன், பனிக்கரடி போல ஒரு கெபெக்காரர், என்னைத் தன் வாகனத்தில் ஏற்றி வைத்துக்கொண்டு பிரெஞ்சில் சொன்னார்: "அவன் என்ன சொன்னான் என்று உனக்கு மட்டும்தான் தெரியும். பக்கத்தில் வேறு தமிழர் நிற்கவில்லை, பின்னால் இருந்த தாய்க்கும் கேட்டிருக்காது. அவனுக்கே ஞாபகம் இல்லை. 'எனக்கு ஒன்றுமில்லை' என்றான்தானே? அதைச் சொல்லு. அது பொய்யில்லை."

அது பொய்யில்லைதான். அங்கேதான் பிடி இருந்தது. நான் பொய் சொல்லத் தேவையே இல்லை, பாதியில் நிறுத்தினால் போதும். "ஒண்டுமில்லை" என்றதோடு நிறுத்தினால், பெடியன் தெளிவாகச் சொன்னான், நான் நம்பினேன், பார்க்கவேண்டியவர் பார்க்கவில்லை, முடிந்தது கதை. இந்தத் தொழிலில் உங்களிடம் ஒருவரும் வந்து பொய் சொல்லு என்று கேட்கப்போவதில்லை. எங்கே நிறுத்தவேண்டும் என்று மட்டும் சொல்லித் தருவார்கள், அதுவும் உங்களில் அன்பு உள்ளவர்கள். சில்வன் என்னில் அன்பானவர். இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை வந்து என் வீட்டில் இடியப்பம் சாப்பிடுகிறவர்.

விசாரணை அறையில் மூன்று பேர் கொண்ட குழு. ஒரு பக்கம் மரி-ஈவ். அவருக்குப் பக்கத்தில் ஒரு கதிரை தள்ளிக் கஜனின் தாய். அவர் வருவார் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. கார்தெரிச் சட்டையோடேயே வந்திருந்தார், தோளில் பிள்ளைகளின் வர்ணம் ஒட்டியிருந்தது.

நடுவில் இருந்த பெண்மணி கேட்டார்: "மாணவன் உங்களிடம் என்ன சொன்னான்?"

"எனக்கு ஒன்றுமில்லை என்றான்" என்றேன் பிரெஞ்சில். சொல்லிவிட்டு நிறுத்தினேன். உங்களிடம் மறைக்கப்போவதில்லை, நிறுத்தினேன்தான். அவர் எழுத ஆரம்பித்தார். மரி-ஈவ் தலை குனிந்தார். அவரை மட்டும் பார்த்திருந்தால் ஒருவேளை நான் அப்படியே இருந்திருப்பேன். ஆனால் தாய் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு மகன் தமிழில் கதைத்தது தெரியும், என்ன கதைத்தான் என்பது தெரியாது. ஐந்து வாரமாக என்னிடம் கேட்கவும் இல்லை. என்னைத் தவிர, அந்த அறையில் அந்தச் சொற்கள் விளங்கக்கூடிய ஒரே ஆள் அவர். அந்தச் சொற்களுக்கு உரிமை உள்ளவரும் அவர்தான்.

"முடியவில்லை, இன்னும் இருக்கிறது" என்றேன். எழுதினவரின் கை நின்றது. "அவன் தமிழில் சொன்னான். அவன் என்னோடு ஒருபோதும் தமிழ் கதைக்காதவன். அதுவே எனக்கு அடையாளமாக இருந்திருக்கவேண்டும். நான் சந்தோசப்பட்டேன். சிகிச்சையாளர் கேட்டபோது அந்தச் சந்தோசத்தில்தான் பதில் சொன்னேன். அவர் சோதிக்காமல் இருந்ததற்குக் காரணம் நான்."

"தமிழில் என்ன சொன்னான்? அவன் சொன்னபடியே சொல்லுங்கள், பிறகு மொழிபெயருங்கள்."

குழுவைப் பார்த்துச் சொல்ல என்னால் முடியவில்லை. தாயைப் பார்த்துத்தான் சொன்னேன்.

"ஓம் மாமா. எனக்கு ஒண்டுமில்லை. அம்மா இன்னும் வரேல்லையோ?"

அவர் இரண்டு கையாலும் வாயைப் பொத்தினார். மொழிபெயர்ப்பை நான் எப்படிச் சொன்னேன் என்று தெரியாது, எழுதினவருக்குத்தான் தெரியும்.

வெளியே வந்து பஸ் தரிப்பிடம் வரைக்கும் நான் அவருக்குப் பின்னால் நடந்தேன். மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று வாயெடுத்தேன். அவர் திரும்பி, "நான் ரெண்டாவது வரிசையிலதான் இருந்தனான், அண்ணை" என்றார். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார். அதன் பிறகு நெடுங்காலம் அவர் என்னோடு கதைக்கவில்லை. கதைக்கச் சொல்லி நானும் கேட்கவில்லை.

எனக்கு ஒன்றரை சீசன் தடை. குறைவு என்றுதான் சொல்வேன். மரி-ஈவின் பத்திரத்துக்கு ஒன்றும் நடக்கவில்லை. இப்போது அவர் பெரிய அணி ஒன்றில் வேலை செய்கிறார். தலையடி விசயத்தில் பயிற்சியாளர் சொல்வதை ஒரு சொல்லும் நம்பாதவர் என்று பெயர் எடுத்திருக்கிறார். எனக்கு அதில் பெருமை.

தடை முடிந்து திரும்பி வந்ததும் இரண்டு காரியம் செய்தேன். அடிபட்டவனிடம் நான் கேள்வி கேட்பதை நிறுத்தினேன். நீங்களும் கேட்கவேண்டாம், நீங்கள் வெல்ல விரும்புகிற ஆள், உங்கள் காது சரியாகக் கேட்காது. இரண்டாவது, ஒவ்வொரு சீசன் தொடக்கத்திலும் நாற்பது வீட்டுக்கும் தொலைபேசி எடுத்து ஒரே கேள்வி கேட்டேன்: "உங்கள் பிள்ளை சுகமில்லாத நேரத்தில் எப்படி இருப்பான்?" பதிலை அட்டையில் எழுதி மரி-ஈவுக்குப் பின் வந்த சிகிச்சையாளரிடம் கொடுத்தேன். ஹெயிட்டிப் பெடியன் ஒருவன் காய்ச்சல் வந்தால் எல்லோருக்கும் நன்றி சொல்வானாம். இன்னொருவன் வாய் ஓயாமல் பாடுவானாம். எங்கள் அணியிலேயே பெரிய சண்டைக்காரன் சப்பாத்தை ஒழுங்காக அடுக்கி வைப்பானாம். ஒரு பிற்பகல் ஆட்டத்தில் அவன் வாங்குக்குக் கீழே சப்பாத்து அடுக்குவதைக் கண்டு உடனே வெளியே எடுத்தோம். கன்கஷன், மூளை அதிர்ச்சிதான். அட்டை விசயத்தில் தனியுரிமையை மீறினேன் என்று ஒரு முறைப்பாடு வந்தது. அதுவும் இணையத்தில் இருக்கிறது, நாலாவது சர்ச்சை.

ஓய்வு பெற்றபின் ஒரு நாள் மெட்ரோ மேடையில் நின்றேன். பின்னால் இருந்து ஒரு கை என் தோளைத் தொட்டது.

"மாமா, சுகமா இருக்கிறியளோ?"

திரும்பினால் கஜன். தாடி, கண்ணாடி, இருபத்தாறு இருபத்தேழு வயது. பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை சிரித்துக்கொண்டு நின்றாள். மட்டக்களப்புக் குடும்பமாம், அவளுக்காகத் தமிழ் படிக்கிறானாம். இதெல்லாம் அவள் பிறகு சொன்னது. அந்த நேரத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவனுடைய இரண்டு கையையும் பிடித்து வாங்கில் இருத்தினேன். கண்ணைப் பார்த்தேன். மூன்று விரலைக் காட்டினேன்.

"இது எத்தினை? இது என்ன ஸ்டேசன்? இண்டைக்கு என்ன கிழமை?"

அந்தப் பிள்ளை பயந்துவிட்டாள். கஜன் சிரிக்கத் தொடங்கினான். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான். பிரெஞ்சில் ஒவ்வொன்றாகப் பதில் சொன்னான்: மூன்று விரல், கோச். ஸ்டேசன் பெயரைச் சொன்னான். வியாழக்கிழமை என்றான். ரயில் வந்தது, கதவு திறந்தது, மூடியது, போயிற்று. அவனும் எழும்பவில்லை, நானும் கையை விடவில்லை.

"ஓம்" என்றேன் கடைசியில். "சுகமா இருக்கிறன்."